அம்மாவின் சேற்று ஒத்திகை

என் அம்மாவுக்கு நடைப்பித்துப் பிடித்தது நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது. முதியோர் இல்லத்தில் அவருடன் வேலை செய்த நோர்வேக்காரப் பெண்கள் சிலர், கோடையில் ஸ்காட்லாந்தில் ஒரு நெடும்பாதையை ஒரு வாரம் நடந்து கடக்கத் திட்டமிட்டு, நீயும் வா என்று அழைத்திருந்தார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார். நோர்வேயில் எங்கள் குரோருட் பகுதித் தமிழர்களில் அப்படியொரு கூத்தை அதற்குமுன் யாரும் ஆடியதில்லை.

அந்தப் பாதை முழுக்கச் சதுப்பு என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, சதுப்பில் எந்தக் காலத்திலோ புதைந்த ஒரு மனிதனின் படத்தைக் காட்டியிருந்தார். தோல்கூட அழியாமல் கறுத்துப்போய்க் கிடந்தான். அம்மாவும் அப்படித்தான் ஆவார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவரைப் போகவிடாமல் தடுக்க வேண்டும்.

நடைக்கு வாங்கிய புதுச் சப்பாத்தை வீட்டுக்குள் போட்டு நடந்து பழகு என்று சிநேகிதிகள் சொல்லியிருந்தார்கள். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் சப்பாத்தா? அம்மா வேலையால் வந்து, சோறு வடித்துவிட்டு, எங்கள் அடுக்குமாடியின் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கினார். லிப்ட் பழுதோ என்று கீழ்வீட்டுக் கிழவர் ஒவ்வொரு நாளும் கேட்டார். ட்வெய்ட்டாவிலிருந்து பெரியம்மாதான் போன் எடுத்து, "குடும்பப் பொம்பிளைக்கு ஏனடி இந்தத் தேவையில்லாத வேலை?" என்று ஏசினார். நான் பெரியம்மாவின் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகைக்காக வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டுச் சதுப்புக்கு மூவரும் போனோம். அம்மாவின் காலில் கம்பளிக் காலுறை, சப்பாத்து, அதற்குமேல் முழங்கால்வரை பூட்டும் துணி உறை. முதுகுப்பையில் பாரத்துக்காக ஒரு மூட்டை அரிசி. பளிச்சென்ற பச்சைப் பாசியில் மிதிக்கக்கூடாது, புல்லுத்திட்டில்தான் மிதிக்க வேண்டும் என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனவர், அந்தப் பச்சையிலேயே காலை வைத்தார். கால் தொடைவரை போய்விட்டது.

நான் கத்திக் காட்டைக் கூட்டினேன். அப்பா குப்புறப் படுத்து இழுத்தார். முதலில் அரிசி வந்தது, பிறகு அம்மா வந்தார், சப்பாத்து மட்டும் வர மறுத்தது. அப்பா தோள்வரை கையை விட்டு அதையும் பிடுங்கினார்.

இனி எங்கே போவது, எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பெரிய நிம்மதி. அப்பா சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார்.

"ஒரு ஊண்டுதடியும் வாங்குவம்," என்றார்.

அம்மா சேறு வழிய நின்று சிரித்தார். அப்பாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா போனார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விமான நிலையத்தில், காற்றில் காய்ந்து சிவந்த முகத்தோடு அவர் வெளியே வந்தபோது, ஓடிப்போய் முதலில் கால்களைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. அப்பாடா என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"கால் நனைஞ்சது மட்டும்தான் பிள்ளை. ஈரமெண்டால் காயும்தானே," என்றார் அம்மா.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, காரை ஓட்டிக்கொண்டே, "எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

"காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் வரைக்கும் நடைதான். எங்கை போறாய் எண்டு ஒருத்தனும் மறிச்சுக் கேக்கேல்லையப்பா."

"ஊரிலை ஆமிக்காரன் கேக்கிற மாதிரி ஐடென்ரிக் காட்டும் கேக்கேல்லையோ?"

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்துச் சிரித்து அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பின்சீட்டில் இருந்த எனக்கு விளங்கவில்லை. ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் தெரிந்த தமிழர் யாரைக் கண்டாலும், எங்கை போறியள் என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். ஒரு வாரம் நடந்த மனுசியை அந்த ஊரில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பாவம் அம்மா. அடுத்தமுறை நானும் கூடப் போவேன், எங்கை போறியள் அம்மா என்று வழி நெடுக நானே கேட்பேன் என்று அப்போதே முடிவெடுத்தேன்.