வெட்டிப்போட்ட ஒன்பது நிமிடம்

ஆய்வு நிலையத்தில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் அவளை ஆஸ்பத்திரிக்காரி என்று நம்பிக்கொண்டு, மூட்டு வலிக்கும்போதெல்லாம் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அக்கா பார்த்ததும் எக்ஸ்ரேதான். ஆனால் அது கருந்துளைக்குள் விழும் வாயு, உள்ளே போய்ச் சேருமுன் கொதித்து வெளிவிடும் எக்ஸ்ரே.

அதைப் பதிவு செய்யும் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும்போது, மின்துகள்கள் மண்டிய ஒரு பகுதியைக் கடக்கும். அப்போது கருவி காட்டும் அளவு கண்டபடி எகிறும். அந்த நிமிடங்களைக் குப்பையென்று வெட்டி எறிவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. அவள் வெட்டியதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பெரிய பெரிய கட்டுரைகள் வந்தன. ஒன்றிலும் அவள் பேர் இல்லை. அநியாயம்தான். அவளும் வாய் திறந்து கேட்டதில்லை, எந்த மகராசனும் தானாகக் கொடுத்ததில்லை.

ஓய்வுபெற நான்கு நாள் இருக்கையில், ஒப்படைப்பதற்காகப் பழைய பதிவுகளைப் புரட்டினாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய, ஒரு கருந்துளையின் பதிவில் இரண்டு எகிறல்கள், ஒன்றையொன்று ஒட்டினாற்போல. கண்மதிப்பில் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டியிருந்தாள். செயற்கைக்கோளின் பாதையோடு பொருத்திப் பார்த்தாள். இரண்டாவது எகிறல் தொடங்குமுன்பே அது அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டது. அந்த ஒன்பது நிமிடம் குப்பையே இல்லை. கருந்துளைக்குள் ஏதோ விழுந்திருக்கிறது.

அந்தக் கருந்துளை பட்டினி கிடக்கிறது, அதில் எதுவுமே விழுவதில்லை என்று எழுதித்தான் நிலையத்தின் தலைவரான பேராசிரியர் பேர் வாங்கியிருந்தார்.

“நாலு நாள்ல வெளிய வரப்போற. பேசாம வந்துடேன்,” என்றார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவள் கணவர். “யாரு கண்டுபிடிக்கப் போறா?”

“யாரும் மாட்டாங்க. நான் வெட்டுனத யாருங்க பாக்கப்போறா? அதுதான் பயமா இருக்கு.”

மறுநாள் காலை பேராசிரியரின் அறையில் வரைபடத்தை விரித்துவைத்தாள். அவர் இரண்டாவது எகிறலின்மேல் விரலை வைத்தார்.

“பட்டினி கெடக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனேம்மா.”

“சாப்பிட்டுதான் இருந்திருக்கு சார். நான்தான் மறைச்சுட்டேன், தெரியாம.”

அவர் முகம் செத்துப்போயிருந்தது. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அவர், “கட்டுரைக்குத் திருத்தம் போடணும். பதிவுல பிழைன்னு பொதுவா எழுதிடறேன். உன்ன இழுக்கல,” என்றார்.

“வேணாம் சார். வெட்டுனது நான்னு போடுங்க. அப்பதான் நான் வெட்டுன மத்ததையும் பிரிச்சுப் பாப்பாங்க.”

பிரிவுபசாரத்தில் சால்வை போட்டார்கள். பேராசிரியர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துத் திருத்தம் வந்தது. கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் தேடிப்பிடித்தார்.

“இருபத்தாறு வருஷம் கழிச்சு உன் பேரு வந்திருக்கு. அதுவும் தப்பு பண்ணதுக்கு.”

அவள் தாளை வாங்கி, பக்கத்தில் அச்சாகியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். இரண்டாவது எகிறல் முழுசாக, வெட்டுப்படாமல் நின்றது.

“இருக்கட்டுங்க,” என்றாள். “அது வெளிய வந்துடுச்சு பாருங்க.”