நிச்சயத்துக்கு வந்த போன்

நிச்சயதார்த்தத் தட்டில் பட்டுச்சேலையோடு ஒரு புதுப் போனும் வந்தது. இப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் போன் வைக்காவிட்டால், கறி இல்லாத பிரியாணியைப் பார்ப்பதுபோலத் தட்டைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் சிவகிரி, வேலை சென்னையில். போனில் எல்லாவற்றையும் அவரே போட்டுத் தந்திருந்தார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். என் மகள் எங்கே நின்றாலும் அவர் திரையில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிவாளாம். “எவ்வளவு அக்கறை!” என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்.

பிறகு எனக்கே போன் வர ஆரம்பித்தது.

“மாமா, அவ ஆன்லைன்ல இருக்கான்னு பச்சை லைட் எரியுது, எனக்குப் பதில் இல்ல. யார்ட்ட பேசுதா?”

“வீட்லதான் இருக்கா, மாப்ள.”

“அவ போட்டோவுக்கு காலேஜ் பையன் ஒருத்தன் லைக் போட்டிருக்கான். படத்த எடுக்கச் சொல்லுங்க. சந்தேகம்லாம் இல்ல மாமா, பாசம் இருக்கப்போய்த்தான் கேக்கேன்.”

பாசம் என்றபின் நான் என்ன பேச? மகளிடம் சொன்னேன். படத்தை நீக்கினாள். அப்புறம் படம் போடுவதையே விட்டாள். அதற்கும் அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டேன். போன் அதிர்ந்தால் சோற்றுக்கையோடு எடுத்தாள். அதைத்தான் எதில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு சாயங்காலம் தாயும் மகளும் அப்படிச் சுற்றப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை கூப்பிட்டார்.

“புள்ளி கோயிலத்தான் சுத்துது மாமா, நல்லதுதான். ஆனா போன எடுக்க மாட்டேங்கா. கூட யாரு சுத்துதான்னு போய்ப் பாருங்க.”

ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு. கூட்டத்தில் மனைவி மட்டும் வேர்க்க விறுவிறுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். மகளின் போன் அவள் இடுப்பில் துடித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, பிள்ளைய எங்க?”

“சத்தம் போடாதிய. சுத்துக் கணக்கு விட்டுரும்.”

மகள் ஓடியே போய்விட்டாள் என்று முடிவுகட்டி, போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்பது வரை யோசித்துவிட்டேன்.

ரத வீதி முனையில் ஒரு வளையல் கடைப் படியில் அவள் இருந்தாள். தனியாக, சேமியா ஐஸ் தின்றுகொண்டு.

“யாருக்காவ உக்காந்திருக்க?” கேட்டபிறகுதான் தெரிந்தது, என் தொண்டைக்குள்ளிருந்து மாப்பிள்ளை பேசியிருக்கிறார் என்று.

“யாருக்காவவும் இல்லப்பா. கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருக்கணும்போல இருந்துச்சி. அம்மாதான் போன வாங்கிக்கிட்டு, நீ போய் உக்காருன்னா.” ஐஸ் உருகிக் கையில் வழிந்தது. “கல்யாணத்துக்குப் பெறவு யார்ட்ட குடுத்துட்டு உக்கார?”

நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.

“இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லுதியா?”

“சொன்னா கேப்பியளா? நீங்களும் பாசம்னுதான சொல்லுவிய.” ஐஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “வேண்டாம்ப்பா.”

மறுநாள் காலையில் சேலையை மடித்து, போனைப் பெட்டியில் வைத்து சிவகிரி பஸ் ஏறினேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் என்ன கேட்பார்கள் என்று நானே கேட்டு, நானே முழித்துக்கொண்டு போனேன். பாதி வழியில் பெட்டிக்குள் போன் அடித்தது.

“என்ன, புள்ளி எங்க ஊருப் பக்கம் வருது? சொல்லாமக் கொள்ளாம எங்கம்மாவப் பாக்க வாரியா?” குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“நான் பேசுதேன், மாப்ள. போன் மட்டுந்தான் வருது.”

“அப்போ அவ எங்க?” என்றார்.

“நான் அவட்ட கேக்கல, மாப்ள” என்றேன். போனைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.