எருமை தின்ற சத்துமாவு

எண்பதுகளில் கூமாப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் நான் பால்வாடி டீச்சர். பெரிதாக எண்ண வேண்டாம். முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதும், மத்தியானம் சத்துமாவுக் கஞ்சி ஊற்றுவதும்தான் உத்தியோகம். எங்கள் பிள்ளைகள் மெலிந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஏதோ ஒரு வெளிநாட்டு அரசாங்கம் அனுப்பிய மாவு அது. சாக்கில் அச்சடித்த படத்தில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கஞ்சியை ஒரு வாய் குடித்திருந்தால் குலுக்கியிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைச் சுவரோரம் ஊற்றின. அதில் நாலு வயதுப் பெண் ஒருத்தி. தராசில் ஏற்றினால் முள் அசையவே யோசிக்கும். வீணாவதற்குப் பதில் வீட்டிலாவது ஏதாவது செய்து கொடுக்கட்டும் என்று மாவைத் தாய்மார்களிடமே கொடுத்தனுப்பினேன்.

அவள் அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சர், அந்த மாவ எருமைக்குப் போட்டேன். எம்புட்டுக் கறக்குது தெரியுமா?"

"ஏட்டி, பிள்ளைக்கு அந்தப் பால்ல ஒரு வாய் குடுத்தியா?"

"அது எங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குல்ல போகுது."

வந்த கோபத்தில் அங்கேயே சட்டம் போட்டேன். மாவு வேண்டுமென்றால் எருமை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தினம் ஒரு தம்ளர் பால் பால்வாடிப் பிள்ளைகளுக்கு வர வேண்டும். மேலிடத்துக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். தெரிந்தேதான் செய்தேன். நாலைந்து மாதத்தில் பிள்ளைகளுக்குக் கன்னம் வைத்தது. அந்தப் பெண்ணுக்கும் தராசு முள் நகர்ந்தது.

அப்போதுதான் மாவு அனுப்பிய நாட்டிலிருந்து ஓர் அம்மையார் ஜீப்பில் வந்தார். கூட ஓர் அதிகாரி, பால்கோவாப் பொட்டலத்தோடு. அம்மையார் கஞ்சியை மரியாதையாக மோந்து பார்த்து வைத்துவிட்டு, பால்கோவாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளி, மாவு பலன் தருகிறதா என்று கேட்டார். அதிகாரி தமிழில் சொன்னார்.

எருமையைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை பயத்தில், "ரொம்ப நல்ல மாவும்மா. எங்க பிள்ளைகளுக்கு இப்ப ஒரு கொறையும் இல்ல" என்று அளந்துவிட்டேன். அம்மையார் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் மாவு லாரி நிற்காமல் போனது. விசாரித்தேன். இங்கே பிள்ளைகள் தேறிவிட்டார்களாம். இனி மாவு ராஜபாளையம் பக்கம் மெலிந்த பிள்ளைகள் இருக்கும் ஊருக்காம்.

எருமைகள் வெறும் வைக்கோலுக்குத் திரும்பின. பால் வருவது நின்றது. அந்தப் பெண் மட்டும் மறுநாளும் காலித் தம்ளரோடு வந்து என் முன்னால் நீட்டினாள். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.