ஜன்னலுக்குள் அசைந்த கை

விமானத்தின் ஜன்னல் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. சாப்பாட்டுத் தட்டு ஒன்றைச் சுவரில் நிமிர்த்தி வைத்ததுபோல் இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் எப்படியோ புகுந்து செத்துப்போன ஒரு சின்னப் பூச்சி. முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்தப் பூச்சியையே பார்த்துக்கொண்டு, மீனம்பாக்கத்தில் விமானம் நகர்வதற்காகக் காத்திருந்தேன். அன்று நான் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வலது கையைத் தூக்கி அசைத்தேன். யாரும் தவறு என்று சொல்ல முடியாத காரியம். ஆனால் பன்னிரண்டு வருஷமாகியும் அந்தக் கை என் உடம்போடு சரியாக ஒட்டவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் கிளைக்குப் போக வேண்டிய மேலாளர் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட, அவருக்குப் பதிலாக என்னை விமானத்தில் அனுப்பினார்கள். பம்மலில் எங்கள் தெருவில் அதுவரை விமானம் ஏறியவர் யாரும் இல்லை. எல்லோரும் விமானங்களுக்குக் கீழே வாழ்ந்தவர்கள். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் காலை விமானங்கள் எங்கள் தலைக்கு மேலாகத்தான் ஏறும். அடுக்களையில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். சண்டையைக்கூட அப்படித்தான் போடுவோம்.

எங்கள் வீடு அப்போதுதான் கட்டியது. கீழ்த்தளத்தோடு கையிருப்பு தீர்ந்துவிட்டதால் மொட்டை மாடிக்குப் படி மட்டும் இருந்தது, கைப்பிடிச் சுவர் இல்லை. அந்த மனைப்பிரிவில் பாதி வீடுகள் அப்படித்தான் நின்றன. சுவர் அடுத்த வருஷம், பூச்சு அதற்கடுத்த வருஷம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். கிளம்புவதற்கு முதல் நாள் என் மகள், ஏழு வயது, என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். “அப்பா, நான் மாடியில நின்னு செவப்புத் துண்டை ஆட்டுவேன். நீங்க மேல இருந்து பாக்கணும்.”

என் மனைவி மிஷன் பள்ளியில் ஆசிரியை. வகுப்பறைக் குரல் வீட்டிலும் உண்டு. “சுவர் இல்லாத மாடிக்கு எம் பிள்ளை ஏறக் கூடாது. டாட்டா காட்டணும்னா வாசல்ல நின்னு காட்டட்டும்.”

“வாசல்ல நின்னா அப்பாவுக்கு எப்படிம்மா தெரியும்? எறும்பு மாதிரிகூடத் தெரிய மாட்டே” என்று சிரித்தேன். மகளின் முகம் சுருங்கியது. சட்டை மடிக்கிற அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. அந்த அடுத்த வீடு கொஞ்சம் மேடான இடத்தில் இருந்ததால் மேட்டு வீடு என்போம். எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியே அதையும் அதே அமைப்பில் கட்டினார். சொந்தக்காரர் வடக்கே எங்கோ வேலையில் இருந்தார். வேலை பாதியில் நின்றுவிட்டது. கதவு வைக்காத அந்த வீட்டுக்குக் காவலாக ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். கணவன் தோல் ஷெட்டுக்கு வேலைக்குப் போவான். மனைவி சித்தாள் வேலை செய்வாள். ஒரே பையன், என் மகளைவிட ஒரு வயது மூத்தவன். மண்ணிலும் செங்கல்லிலும் இருவரும் சேர்ந்து விளையாடுவார்கள். விமானம் வந்தால் போதும், அந்தப் பையன் எதையாவது கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவான். அவன் அம்மாவின் குரல் எங்கள் வீடுவரை கேட்கும். “டேய், அவனவன் மேல சோக்கா காப்பி குடிச்சிகினு போறான். உன்ன எவன்டா பாக்கப் போறான்? எறங்குடா கீழ!” அவள் திட்டுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். சுமையைத் தலையில் வைத்துக்கொண்டே திட்டுவாள். ஒரு செங்கல் சரியாது.

இரண்டு விசிறிகள் வைத்த சின்ன விமானம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருந்ததால் கீழே எல்லாம் மறைப்பில்லாமல் தெரிந்தது. பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் கொண்டுவந்தாள். பக்கத்து இருக்கைக்காரர், பட்டு வியாபாரி, “மொத தடவையா? மிட்டாய வாயில போடுங்க, பஞ்ச காதுல வைங்க. மாத்திடாதீங்க” என்றார். சிரித்து முடிப்பதற்குள் தரை கீழே போய்விட்டது.

முதலில் அடையாற்றின் வளைவு தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல்தான் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு காய்கிற தோல்கள் வரிசை வரிசையாக, அப்புறம் ஓடுகள், தென்னைகள். நான் தினமும் நடந்து வெறுத்த பம்மல் சாலை, குழந்தை கிழித்த கோடுபோல இருந்தது. எங்கள் மனைப்பிரிவைக் கண்டுபிடித்ததும் என் நெஞ்சு துள்ளியதை இன்றும் மறக்க முடியவில்லை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சதுரம் ஒன்று. அதன் நடுவில் ஒரு சிறிய உருவம். அதன் கையில் சிவப்பு.

அம்மாவை ஏமாற்றிவிட்டு ஏறிவிட்டாளே என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கை தானாக எழுந்தது. கண்ணாடியில் விரல் இடிக்க இடிக்க ஆட்டினேன். அந்த உருவம் ஒரு கணம் நின்றது. பிறகு விமானத்தோடு சேர்ந்து, விமானம் போகும் திசையிலேயே, துண்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. முகம் மேலே நிமிர்ந்திருந்தது. காலடியைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சதுரத்தின் ஓரம் நெருங்கிக்கொண்டே வந்தது. அப்போது விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னல் முழுவதும் வானம். மறுபடி நிமிர்ந்தபோது கீழே இருந்தது வேறு ஊர்.

எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பணிப்பெண் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். “வீடு தெரிஞ்சுதா?” என்று பட்டு வியாபாரி கேட்டார். தெரிந்தது என்றேன். கீழே மலைகள் வந்தன, ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாக மின்னின, மேகம் ஒன்று தன் நிழலை வயல்மேல் இழுத்துக்கொண்டு போனது. பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் காலடியில் விரிந்திருந்தது. எனக்கு அந்த வெள்ளைச் சதுரத்தின் ஓரம் மட்டும்தான் தெரிந்தது. வழியெல்லாம் ஒரே ஜெபம். ஆண்டவரே, அது என் பிள்ளையாக இருக்கக் கூடாது. வேறு எப்படியும் ஜெபிக்க எனக்குத் தோன்றவில்லை. விழக் கூடாது என்று கேட்டிருக்கலாம். என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்டேன்.

பெங்களூர் அலுவலகத்திலிருந்து மனைவியின் பள்ளிக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு, தொலைபேசிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை பேசினார். “டீச்சர் கிளாஸ்ல இருக்காங்க. பாப்பாவா? இதோ வராந்தாவுல போறாளே, கூப்பிடட்டுமா?” வேண்டாம் என்றேன். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. காப்பி வரவழைத்து, சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் குடித்தேன். அன்று மாலை கடைத்தெருவில் மகளுக்கு ஒரு மரக் குதிரை வாங்கினேன். அது என் பிள்ளை இல்லையென்றால் யார் என்ற கேள்வி, மரக் குதிரையைக் காகிதத்தில் சுற்றித் தரும்போதுதான் முதன்முதலாக எழுந்தது.

ஊர் திரும்பியபோது பல்லாவரம் ரயிலடிக்கே வந்து நின்றாள் மனைவி. பேருந்துக்கு நடக்கும்போது சொன்னாள். மேட்டு வீட்டுப் பையன் மாடியிலிருந்து விழுந்துவிட்டான், அங்கேயே போய்விட்டான், நீங்கள் போன விமானத்தைப் பார்க்கத்தான் ஏறினானாம். வீட்டுக்கு வந்ததும் மகள் என்னை மட்டும் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அம்மா என்ன மாடிக்கு விடலப்பா. வாசல்ல நின்னா தெரியாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல? அதான் அம்மாகூட ஸ்கூலுக்குக் கெளம்பறப்போ அவன்கிட்ட துண்டக் குடுத்து, எங்கப்பாவுக்கு நீ காட்டுடான்னு சொன்னேன்.” அவள் கண்ணில் இருந்த பயம் வேறு ஒன்றைப் பற்றியது. “துண்டு திரும்ப வரலப்பா. அம்மா திட்டுவாங்களா?”

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். “திட்ட மாட்டாங்க. துண்டப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதே. அவன்கிட்ட நீ ஒண்ணுமே சொல்லல. சரியா?” அவள் தலையாட்டினாள். ஏழு வயதுப் பிள்ளை, மறந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன். மறக்க வேண்டும் என்பதைத் தவிர அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

மறுநாள் மேட்டு வீட்டுக்குப் போனேன். கணவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்து வந்து, நான் உட்கார ஒரு பலகையைப் போட்டாள். திட்டுகிற அந்தக் குரல் இல்லை. தொண்டையில் வெறும் காற்றுதான் இருந்தது.

“மிஸ் சொன்னாங்க சார். அந்தப் பிளேன்ல நீங்கதான் போனீங்களாமே. எம்புள்ள தெரிஞ்சானா?”

“தெரிஞ்சான்மா.”

“ஓடனானா?”

“ஓடினான்.”

“நான் கீழ இருந்து கத்தனேன் சார். கால ஒடிச்சிடுவேன்னு குச்சிய எடுத்துகினு கத்தனேன். அதுக்குப் பயந்துதான் ஓடனான்னு இது சொல்லுது. எல்லாம் அதான் சொல்லுது.” கணவன் தலையைத் திருப்பவில்லை. “பயந்து ஓடனானா சார்? நீங்க பாத்தீங்களே.”

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அவன் துண்டை ஆட்டினான், நானும் உள்ளேயிருந்து கை காட்டினேன், அப்புறம்தான் ஓடினான், முகம் மேலேதான் இருந்தது என்றேன்.

அவள் வெகுநேரம் என் கையைப் பார்த்தாள். “கை காட்னீங்களா? தெனம் கேப்பான் சார், யம்மா, என்னப் பாப்பாங்களான்னு. ஒருத்தனும் பாக்க மாட்டான் போடான்னுவேன்.” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் பழைய குரல் வந்தது. “யோவ், கேட்டியா? சார் கை காட்டிக்கீறாரு. அதப் பாத்துட்டுதான் புள்ள கூடவே ஓடிக்கீது. எனக்குப் பயந்து இல்ல. கேட்டியாய்யா?”

அதில் கோபம் துளிகூட இல்லை. குடத்தை இறக்கி வைத்தவளின் மூச்சுதான் இருந்தது. கணவன் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவ்வளவு உயரத்தில் ஒரு ஜன்னலுக்குள் அசையும் கை கீழே தெரியுமா, சந்தேகம்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பழி மறுபடி அவள் தலைக்கே போகும். அங்கும் நிற்காமல், துண்டு யாருடையது என்று தேடிக்கொண்டு என் வீட்டுக்கு வரும். துண்டு யாருடையதோ தெரியவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தான், கூடவே வைத்துப் புதைத்துவிட்டோம் என்று வாசல்வரை வந்தபோது அவளே சொன்னாள். பழி என்னோடு நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த மாதமே கடன் வாங்கிக் கைப்பிடிச் சுவர் எழுப்பினேன். என் கழுத்து உயரத்துக்கு. ஜெயில் மாதிரி இருக்கிறது என்று மேஸ்திரி கேலி செய்தார். பல காலைகள் அங்கே நின்று, ஏறிப்போகும் விமானங்களின் ஜன்னல்களை உற்றுப் பார்த்திருக்கிறேன். சில நாள் வெறும் வெயில் பளிச்சிடும். சில நாள் உள்ளே ஏதோ அசைவது போலிருக்கும். இன்றுவரை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. மேட்டு வீட்டம்மா வீடு கைமாறும்வரை அங்கேதான் இருந்தாள். விமானம் போனால், தலையில் மணல் கூடையோடு நின்று, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மறு கையை மேலே தூக்கி ஆட்டுவாள். பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதல்லவா.

போன மாதம் என் மகள் மேற்படிப்புக்காக டெல்லிக்குப் புறப்பட்டாள். டிக்கெட் அவள் மாமா எடுத்துக் கொடுத்தது. அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றாகப் படித்தாள், நன்றாகச் சிரித்தாள். மறந்துவிட்டாள் என்று நான் நம்பிவிட்டேன். மீனம்பாக்கத்தில் கவுண்டரில் இருந்த பையன், “மொத தடவையாம்மா? ஜன்னல் பக்கமே தர்றேன்” என்றான்.

“வேண்டாம் சார். உள்பக்கம் குடுங்க.”

“ஏண்டி?” என்றாள் என் மனைவி. “நம்ம வீடு தெரியுமேடி. அன்னிக்கு அப்பாவுக்குத் தெரிஞ்சுதே.”

“தெரியும்மா” என்றாள் மகள். அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். “அதான் வேண்டாம்.”

அவள் உள்ளே போன பிறகு பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்கு வந்தோம். விமானம் ஓடத் தொடங்கியதும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கை அசைத்தார்கள். என் மனைவி கைக்குட்டையை எடுத்து ஆட்டினாள். என்னையும் ஆட்டச் சொல்லி முழங்கையால் இடித்தாள். நான் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.