தெக்வினின் கீழ்க்குரல்

தெக்வின் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர். ஆடு வளர்ப்பதை விட்டால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதிலும் கீழ்க்குரல் மட்டும். ராகத்தை அவருடைய பெரியண்ணன் பாடுவார், நடுக்குரலைச் சின்னண்ணன். கிறிஸ்துமஸ் காலத்தில், குடும்பம் குடும்பமாக எழுந்து பாடும் ப்ளகைன் மாலையில், மூவரும் கோயிலுக்குள் எல்லாருக்கும் முன்னால் போய், தோள் உரச நின்று பாடுவார்கள். அது அவர்கள் குடும்பத்துப் பாட்டு. வேறு குடும்பத்தார் தொடமாட்டார்கள்.

அண்ணன்கள் இருவரும் ஒரே வருஷத்தில் இறந்துபோய்விட்டார்கள். அதன்பின் அவர் ப்ளகைனுக்கு வருவதில்லை. போன இலையுதிர் காலத்தில் டாக்டர் அவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்புறம்தான் ஆட்டுக்கொட்டகையில் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“தனியாவா பாடப்போறீங்க அண்ணே?” என்று வேலியருகே கேட்டேன்.

“அடுத்த வருஷம் மூச்சு இருக்காதும்மா. அவங்களுக்காக ஒரு தடவ பாடிடணும்.”

“ராகம் பாட ஆள் இல்லையே.”

“என் பங்க நான் பாடுறேன். மிச்சத்த ஜனங்க நெனச்சுக்கட்டும். ஆடுங்க இதுவரைக்கும் குறை சொல்லல.”

ப்ளகைன் அன்று மலைப்பாதையில் பனி. பாதிரியார் ஜெபம் முடித்த பிறகுதான் தெக்வின் வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. சுருதி பிடிக்கும் இசைக்கவையை உள்ளங்கையில் பொத்தியிருந்தார். இரண்டு குடும்பங்கள் பாடி இறங்கின. அவர் எழுந்திருக்க பெஞ்சைப் பிடித்தார்.

அதற்குள் பெரியண்ணன் மகள் நெஸ்ட், தன் இரண்டு பெண்களோடு முன்னால் போய் அந்தப் பாட்டையே எடுத்துவிட்டாள். சித்தப்பா இனி வரமாட்டார், பாட்டு குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு மாலையில் ஒரு பாட்டை இருமுறை பாடக்கூடாது. அவர் பெஞ்சை விட்டார். கவை சட்டைப்பைக்குள் போனது. வழக்கப்படி கடைசிப் பாட்டுக்கு ஆண்களெல்லாம் முன்னால் போனபோதும் அவர் எழவில்லை.

தேநீர் ஊற்றும்போதுதான் நெஸ்ட் அவரைப் பார்த்தாள். “சித்தப்பா, நீங்க வந்திருந்தீங்களா? சொல்லவேயில்லையே.”

“சும்மா கேக்கத்தான் வந்தேன். அப்படியே உங்கப்பாதான். ரெண்டாவது அடியில தாளத்த முந்திக் கொஞ்சம் ஓடுற. அவரும் ஓடுவாரு.”

அவள் சிரித்து, பழ ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

ஆடுகள் குட்டி போடுவதற்கு முன்பே அவரை அடக்கம் செய்தோம். கிறிஸ்துமஸ் பாட்டைச் சாவுக்குப் பாடும் வழக்கம் எங்களிடம் இல்லை. கல்லறை வாசலில் நெஸ்ட் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அன்னிக்கு அவர் பாடவா வந்தாரு?”

“கேக்க வந்தேன்னு அவரே சொன்னாரே” என்றேன்.