சத்தமில்லாமல் நடந்தவர்

குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்து என் கணவர் இரும்புலியூர் வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கு அவரைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது சில வாரங்கள்தான்; முகம் மறந்துபோகிற காலம் அல்ல. ஆனால் அவள் அறிந்த அப்பா தெருமுனையிலேயே பாடத் தொடங்குபவர், கதவில் இடித்துக்கொள்பவர், அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடிப்பவர். இப்போது வந்தவர் வாளியைக்கூட ஓசையின்றி வைத்தார். சமையலறையில் நான் திரும்பினால் பின்னால் நின்றுகொண்டிருப்பார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"ஏதாவது செய்யட்டுமா?" என்பார்.

"இவரை எந்தக் கடையில மாத்தினே? எங்க வீட்டு ஆளையும் குடுத்துப் பாக்கறேன்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் சிரித்துவைத்தேன்.

மகள் மட்டும் அவர் எதிரிலேயே கேட்பாள்: "அப்பா எப்பம்மா வருவாங்க?"

"இவங்கதான் கண்ணு அப்பா."

"இல்ல. இது வேற ஆளு."

அவர் பேப்பரை மடித்து வைப்பார், அவ்வளவுதான். ஜெபத்தில் அவருக்காக நன்றி சொல்லும்போது எனக்கே வார்த்தை தடுக்கும். என் பயம்தான் குழந்தைக்குத் தொற்றியதோ என்று நினைப்பேன். சாராயக் கடைகள் சட்டப்படி திறந்திருந்த வருடங்கள் அவை. துவைக்கும் முன் அவர் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். வியர்வை, ரயில் தூசி. வேறொன்றும் இல்லை.

ஒரு மாலை, விளக்குப் போடும் நேரம். தரையில் விளையாடிக்கொண்டிருந்தவள் தலையை உயர்த்தினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மின்சார ரயில் போய் அடங்கியிருந்தது.

"அப்பா வராங்க," என்றாள்.

அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கதவைத் தாழிடலாமா என்று நினைத்தேன். யாரை வெளியே வைக்க? அதற்குள் பாட்டு கேட்டது. கதவில் தோள் இடித்தது. சாராய நெடி கூடத்தை நிரப்ப, அவள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். இருவரும் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

மறுபடி தூக்கினார். கை ஆடியது. அப்போது, சிரித்த முகம் மாறாமலே, இத்தனை நாள் வீட்டில் இருந்தவரின் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்: "பாப்பாவை வாங்கிக்கோம்மா. கை நிக்கல."

வாங்கிக்கொண்டேன். அவள் என் தோளைப் பிறாண்டி அவரிடம் தாவினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பாடிக்கொண்டே இருந்தார்.