கார் இல்லாத ஷெட்

எங்கள் வீட்டில் கார் இருந்ததே இல்லை. ஆனால் கார் ஷெட் இருந்தது. தல்லாகுளத்தில் வீடு கட்டுகிறவன் காரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், ஷெட்டை அப்புறம் கட்ட முடியாது என்பது பெரியப்பாவின் கொள்கை. அப்பாவுக்குத் திருச்சியில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து போவார். அதனால் வீட்டில் கொள்கை எல்லாம் பெரியப்பாவுடையதுதான். என் உடைந்த சைக்கிளும், அவருடைய ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த காகிதக் கட்டுகளும், ஒரு ஓட்டை வாளியும் வருஷம் பூராவும் அந்த ஷெட்டில் காருக்காகக் காத்துக் கிடந்தன.

சித்திரைத் திருவிழா வந்தால் மட்டும் அவற்றை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு ஷெட்டைக் கழுவி விடுவோம். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது ஊர் ஊராக ஜனம் கூடவே வரும். தெருவில் படுத்தால் வருஷம் பூராவும் விரட்டுகிற தல்லாகுளம், அந்த நான்கு நாள் மட்டும், 'இந்தப் பக்கம் படுங்க, காத்து வரும்' என்று கூப்பிட்டு இடம் காட்டும். எங்கள் ஷெட்டுக்கு மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வழக்கமாக ஒரு கூட்டம் வரும். பெயர் ஊர் எல்லாம் பெரியப்பாவுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர்கள் 'சாமி பாக்க வாரவுக'.

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதியம் எங்கள் வாசலில் பந்தல் போட்டுச் சோறு போடுவோம். அதில் முதல் இலை ஒரு பெரிய விஷயம். வந்திருக்கிறவர்களில் மூத்தவர் யாரோ, அவருக்குத்தான் அது. ஆணென்றால் வேட்டி, பெண்ணென்றால் சேலை; தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, பெரியப்பா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்த பிறகுதான் சாம்பார் வாளி நகரும். முதல் இலையில் உட்காருவது அழகரே என்பார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருஷம் மேலூர்க் கூட்டம் வரவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு சாவு, தீட்டு. பெரியப்பா கேட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். சோறு தின்ன ஆள் கிடைக்கும்; முதல் இலைக்கு ஆள் வேண்டுமே. முந்தின நாள் சாயங்காலம் அவர் சாமியை எதிர்கொள்ளப் போயிருந்த நேரத்தில், வயசான ஒரு அம்மா மஞ்சப் பையோடு வந்து எங்கள் கேட்டருகே தயங்கி நின்றார்.

"சாமி பாக்க வந்தீகளா? உள்ள வாங்க. தனியாவா வந்தீக?" என்றாள் என் அம்மா.

"ஆமாத்தா, தனியாத்தான்" என்றார் அவர்.

எனக்கு அவரை நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் நான் தினமும் பார்க்கிறவர் ஆயிற்றே. நான் பஸ் ஏறும் நிறுத்தத்தில்தான் அவர் இருப்பார். நான் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றால், "பாப்பா, ஒன் பஸ்ஸு வருது" என்பார். மற்றபடி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தக் காலை நேரத்து ஹாரன் சத்தத்தில், கண்டக்டர்களின் கூச்சலில், முக்காடு போட்டுக்கொண்டு அப்படி ஒரு தூக்கம். காலையிலேயே தூங்குகிற சோம்பேறி என்று கடைக்காரர்கள் திட்டுவார்கள். அதற்கும் முன்னால் பெரியப்பாவின் கடைப் படியில் படுத்திருந்தவர் அவர். பெரியப்பா படி நெடுகக் கூர்க்கம்பி பதித்த பிறகுதான் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

இதை ஏன் நான் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம். மறைக்க வேண்டும் என்று எல்லாம் இல்லை. மேலூரிலிருந்து வருகிறவர்கள் மேலூர்க்காரர்கள், பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறவர் பஸ் நிறுத்தத்துக்காரர். எல்லாரும் சாமி பார்க்கத்தானே வருகிறார்கள் என்று நினைத்தேன். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அம்மா பாய் கொடுத்தாள், குளிக்க வெந்நீர் கொடுத்தாள். தலையை வாரி முடிந்துகொண்டு வந்தவர் வேறு ஆளாகத் தெரிந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, ராத்திரி இந்தக் கேட்டப் பூட்டுவீகளா?" என்று கேட்டார்.

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"பாவம், சாமி பாக்கப் போகணும்ல. பூட்டிட்டா எப்பிடிப் போவாக? பூட்ட மாட்டோம்னு சொல்லு. எப்ப வேணாலும் போகட்டும், வரட்டும்" என்றாள் அம்மா. விருந்தாளியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வீடா எங்கள் வீடு?

நான் திரும்பி ஓடிவந்து, "பூட்டவே மாட்டோம். பயப்படாதீங்க" என்றேன்.

"பூட்ட மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, அவர் மஞ்சப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

காலையில் அம்மா கோலம் போட எழுந்து வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரித்த பாயில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வயசானவங்க, தூக்கம் பிடிக்கல போல என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

அன்று மதியம் பந்தலில் அவர்தான் எல்லாரிலும் மூத்தவர். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, நீங்க முன்னாடி வாங்க. மொத எல ஒங்களுக்குத்தான்" என்றார். அவருக்கு அடையாளம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. கடைப் படியில் அவர் விரட்டியது முக்காடு போட்ட ஒரு மூட்டையை. முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. பச்சைச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அந்த அம்மா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்யா, நீங்க போயி..."

"அப்பிடிச் சொல்லாதீக. ஆசீர்வாதம் பண்ணுங்க."

அந்த அம்மா ஒரு விரலால் அவர் தலையைத் தொட்டார். பெரியப்பாவுக்கு வழக்கம்போலக் கண் கலங்கியது.

சாப்பிட்ட பிறகு அந்த அம்மா ஷெட்டின் மூலையில் சாய்ந்தவர்தான். வாசலில் பந்தி மேல் பந்தி, மைக் செட், பாத்திரம் உருளும் சத்தம், நாங்கள் கத்திக்கொண்டு ஓடுகிறோம். அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். தாண்டித் தாண்டி இலை எடுத்தார்கள், அசையவில்லை.

நான்கு நாளும் அப்படியே போயிற்று. அழகர் மலைக்குத் திரும்பிய காலையில் தெருவே மூட்டை கட்டியது. இந்த அம்மா மட்டும் ஷெட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார். எந்த பஸ்ஸுக்குப் போகணும் என்று அம்மா கேட்டாள். அவர் கவிழ்த்த வாளியை இன்னும் கொஞ்சம் சுவரோரம் நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து, இரவலாகக் கொடுத்த பாய்லரை எடுத்துப் போக பஸ் நிறுத்தத்து டீக்கடை அண்ணன் வந்தார்.

"அட! நம்ம ஸ்டாப்புக் கெழவி. இங்கன என்ன பண்ணுது? அண்ணே, ஒங்க கடப் படியில படுத்துக் கெடந்துச்சே, தெரியலயா?"

பெரியப்பா அவரை அப்போதுதான் உற்றுப் பார்த்தார். அவருடைய 'நீங்க', 'நீ' ஆவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"சொல்லிருக்கணும்ல நீ?"

"யாரும் கேக்கலயேய்யா" என்றார் அந்த அம்மா. பிறகு மெதுவாக, "சோறு வேணாம்யா, அது எங்கயாச்சும் கெடைக்கும். ராவுக்கு மட்டும் இந்த மூலையில படுத்துக்கிறேன். விடியமுன்ன எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார்.

வேடிக்கை பார்க்கத் தெரு கூடிவிட்டது. பெத்த பிள்ளைகள் எங்கே போனார்கள், அவர்களைக் கேட்க வேண்டும் என்றார் ஒருவர். சர்க்கார் எதற்கு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் கூப்பிடு தூரத்தில், போய் மனுக் கொடுக்கட்டும் என்றார் இன்னொருவர். கோயில் வாசலில் விட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு யோசனை வந்தது. சாமி அன்று காலையில்தான் ஊரை விட்டுப் போயிருந்தார்.

"ஷெட்டு சும்மாதான கெடக்கு மாமா" என்றாள் அம்மா, கீரை ஆயும் கையை நிறுத்தாமல்.

"இன்னைக்கி ஒருத்தர விட்டா, நாளைக்கி பஸ் ஸ்டாப்பே இங்க வந்துரும்" என்றார் பெரியப்பா.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். காலைக் காப்பியைக்கூடக் குடிக்காமல் யார் யாருக்கோ போன் போட்டு, அவனியாபுரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்து, ஆட்டோவும் பிடித்து வந்தார். ஏறும்போது அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"அங்கன கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குமாய்யா?"

"ஒங்கிட்ட களவு போறதுக்கு என்ன இருக்கு?" என்றார் பெரியப்பா. தெருவே சிரித்தது. டீக்கடை அண்ணன் பாய்லரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்த அம்மாதான் சிரிக்கவில்லை. புதுச் சேலையின் முந்தானையை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று அதே பஸ் நிறுத்தத்தில் அதே பச்சைச் சேலையில் அவர் உட்கார்ந்திருந்தார். சேலை அதற்குள் அழுக்கேறிச் சாயம் போயிருந்தது.

"அங்க போகலயா?" என்றேன்.

"ஆதார் அட்டை கேட்டாக. அட்டைக்குப் போனா, வெலாசம் கேக்குறாக" என்று சொல்லிவிட்டு, என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். "ஒங்க ஷெட்டுல இப்ப காரு நிக்குதா பாப்பா?"

"இல்லயே, சும்மாதான் கெடக்கு."

"ராவுக்கு?"

"ராவுக்குப் பூட்டிருவோம். பெரியப்பா இம்புட்டுப் பெரிய பூட்டு வாங்கிட்டு வந்துருக்காரு" என்று இரண்டு கையையும் விரித்துப் பெருமையாகக் காட்டினேன்.

"பூட்டணும். பொம்பளப் புள்ள இருக்கிற வீடு" என்றார். என் தோளில் சரிந்த புத்தகப் பையை ஏற்றி விட்டார். "ஒன் பஸ்ஸு வருது பாரு."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்த்தேன். அதற்குள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பஸ்கள் உறும, கண்டக்டர்கள் கத்த, அவர் தூங்கிப்போயிருந்தார். இத்தனை சத்தத்தில் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று நினைத்தேன். இத்தனை பேர் விழித்திருக்கும் இடத்தில் மட்டும்தான் அவர் பயமில்லாமல் கண்ணை மூட முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.